சுட்டுவிரலுக்கு எடை உண்டா?

இரவு எட்டு மணி. வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் நடந்து வந்தவரைப் பாம்பு கடித்துவிட்டது. வீட்டில் எல்லாரும் பதறுகிறார்கள். ஒரு மாணவன் கைபேசியை எடுத்து, 'பாம்புக்கடி முதலுதவி' என்று எழுதித் தேடுகிறான். கண் இமைக்கும் நேரத்தில் நீண்ட பட்டியல் ஒன்று வந்து நிற்கிறது. அதில் அவன் எதைப் படிப்பான்? ஐம்பதாவதாக உள்ளதையா? இல்லை; முதலில் இருப்பதைத்தான் படிப்பான்.

முதலில் இருக்கும் பக்கம், "கடிவாயைக் கீறு, இரத்தத்தை உறிஞ்சு, கயிற்றால் இறுகக் கட்டு" என்று சொன்னால் என்ன ஆகும்? இம்மூன்றும் செய்யத் தகாதவை என்கிறது இன்றைய மருத்துவம். கடிபட்டவரைத் தேற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே சரியான முறை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆகவே, பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்பது விளையாட்டுச் செய்தி அன்று, உயிர்ச் செய்தி!

சரி, எது முதலில் நிற்கவேண்டும் என்று தேடுபொறி எப்படி முடிவு செய்கிறது? தேடுபொறி மருத்துவர் அல்லவே! அது பாம்பைக் கண்டதில்லை, நோயாளியைத் தொட்டதில்லை. நல்ல பக்கத்தையும் பொல்லாத பக்கத்தையும் அது எவ்வாறு பிரித்தறிகிறது?

இதற்கு விடை காண, முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறோம். நல்ல பல் மருத்துவர் யார் என்று நமக்குத் தெரியாது. என்ன செய்வோம்? நாலு பேரைக் கேட்போம். அவர்கள் யாரைச் சுட்டிக்காட்டுகிறார்களோ அவரிடம் போவோம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. போகிற போக்கில் யாரோ ஒருவர் கைகாட்டுவதும், அவ்வூர்ப் பெரிய மருத்துவமனையின் தலைமை மருத்துவர் கைகாட்டுவதும் ஒன்றாகுமா? ஆகாது. இரண்டும் சுட்டுவிரல்களே, ஆனால் எடை வேறு.

தேடுபொறியும் இதைத்தான் செய்கிறது. இணையத்தில் சுட்டுவிரலாக இருப்பது இணைப்பு.

இணைப்பு என்பது ஒருவழிப் பாதை

1989-ஆம் ஆண்டு, ஜெனீவா நகருக்கருகே உள்ள 'செர்ன்' என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேய அறிஞர், ஒரு கணிப்பொறியில் உள்ள குறிப்பிலிருந்து மற்றொரு கணிப்பொறியில் உள்ள குறிப்புக்குத் தாவிச் செல்லும் முறை ஒன்றை முன்மொழிந்தார். அதுவே வையவிரிவு வலை எனப்படும் இன்றைய இணையப் பக்கங்களின் தொடக்கம். ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கிறதே, அதுதான் இணைப்பு.

இந்த இணைப்புக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது ஒருவழிப் பாதை. நான் என் பக்கத்தில் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு வைக்க, உங்கள் அனுமதி வேண்டியதில்லை. வைத்த செய்தி உங்களுக்குத் தானாகத் தெரியவும் தெரியாது. உங்கள் பக்கத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளை நீங்கள் எண்ணிவிடலாம். ஆனால் உங்களை நோக்கி வெளியிலிருந்து வரும் இணைப்புகளை எண்ண வேண்டுமானால், உலகிலுள்ள எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும்! இவ்வாறு நம்மை நோக்கி வரும் இணைப்பை 'உள்வரும் இணைப்பு' என்போம். இத்துறையில் உள்ளோர் 'பேக்லிங்க்' என்பார்கள்.

நூலகத்தில் பிறந்த எண்ணம்

சுட்டுவதை எண்ணி மதிப்பிடும் எண்ணம் கணிப்பொறியில் பிறந்ததன்று, நூலகத்தில் பிறந்தது. விஞ்ஞானி ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன்னோர் எழுதிய கட்டுரைகளைச் சுட்டுவார். பலராலும் சுட்டப்படும் கட்டுரை முக்கியமானதாக இருக்கக்கூடும் அல்லவா? அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் இக்கருத்தை விளக்கி எழுதினார். 1964-இல் அறிவியல் கட்டுரைகளுக்கான 'மேற்கோள் அடைவு' ஒன்றையே வெளியிட்டார். எந்தக் கட்டுரையை எவரெவர் சுட்டியுள்ளனர் என்று அதில் தேடிப் பார்க்கலாம்.

1976-இல் கேப்ரியல் பின்ஸ்கி, பிரான்சிஸ் நரின் என்ற இருவர் ஒரு படி மேலே சென்றனர். "சுட்டல்களை எண்ணினால் மட்டும் போதாது, சுட்டுகின்ற ஆய்விதழ் எவ்வளவு மதிப்புடையது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்" என்பது அவர்கள் கண்ட வழி.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1996-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரு மாணவர்கள் இணையப் பக்கங்களின் உள்வரும் இணைப்புகளை ஆராயத் தொடங்கினர். அவர்கள் அமைத்த தேடுபொறியின் முதற்பெயர் 'பேக்ரப்'. பின்னர் அது 'கூகுள்' ஆயிற்று. 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கூடிய மாநாட்டில் தங்கள் முறையை அவர்கள் விளக்கினர். அப்போது அவர்களிடம் இருந்தவை 2 கோடியே 40 இலட்சம் பக்கங்கள். பக்கத்துக்கு மதிப்பெண் இடும் அம்முறைக்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர். பேஜ் என்பது பக்கத்தையும் குறிக்கும். கண்டவர் பெயரையும் குறிக்கும்!

புளியங்கொட்டை ஆட்டம்

இம்முறையைப் புரிந்துகொள்ள உயர்கணிதம் வேண்டாம். இரண்டு நண்பர்களும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். நீங்கள் 'அ', உங்கள் நண்பர்கள் 'ஆ', 'இ'. மூவரும் மூன்று இணையப் பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'அ' என்னும் பக்கம் 'ஆ', 'இ' ஆகிய இரண்டையும் சுட்டுகிறது. 'ஆ' என்பது 'இ'-யை மட்டும் சுட்டுகிறது. 'இ' என்பது 'அ'-வை மட்டும் சுட்டுகிறது.

ஆளுக்கு 100 கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதை முழுவதும், தாம் சுட்டுபவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். மூவரும் ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும்.

முதற்சுற்றில் 'அ' தன் 100-ஐப் பாதியாக்கி, 'ஆ'-வுக்கு 50, 'இ'-க்கு 50 கொடுக்கிறது. 'ஆ' தன் 100-ஐ 'இ'-க்குக் கொடுக்கிறது. 'இ' தன் 100-ஐ 'அ'-வுக்குக் கொடுக்கிறது. இப்போது 'அ'-விடம் 100, 'ஆ'-விடம் 50, 'இ'-யிடம் 150. இரண்டாம் சுற்றின் முடிவில் 150, 50, 100. மூன்றாம் சுற்றில் 100, 75, 125. நான்காம் சுற்றில் 125, 50, 125. ஐந்தாம் சுற்றில் 62½ என்று வரும். கொட்டையை உடைக்க வேண்டாம், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்!

சுற்றுகள் செல்லச் செல்ல ஏற்ற இறக்கம் குறையும். இறுதியில் 'அ' 120, 'ஆ' 60, 'இ' 120 என்ற அளவில் ஆட்டம் நிலைகொள்ளும். சரிபாருங்கள்: 'அ' தன் 120-இல் பாதியாகிய 60-ஐ 'ஆ'-வுக்குத் தருகிறது, 'இ'-க்கு 'அ'-விடமிருந்து 60-உம் 'ஆ'-விடமிருந்து 60-உம் ஆக 120 வருகிறது, அந்த 120 அப்படியே 'அ'-வுக்குப் போகிறது. இனி எத்தனை சுற்று ஆடினாலும் மாற்றமில்லை.

இதில் உள்ள விந்தையைக் கவனித்தீர்களா? 'அ'-வுக்கு உள்வரும் இணைப்பு ஒன்றே ஒன்று. 'ஆ'-வுக்கும் ஒன்றே ஒன்று. ஆனால் 'அ'-வின் மதிப்பு 'ஆ'-வைப்போல் இரு மடங்கு! ஏன்? 'அ'-வைச் சுட்டுவது செல்வமிக்க 'இ'. அதுவும் வேறு யாருக்கும் பங்கு தராமல் முழுவதையும் தருகிறது. 'ஆ'-வுக்குக் கிடைப்பதோ பாதிப் பங்கு. ஆகவே எண்ணிக்கை வேறு, எடை வேறு. இணைப்பு எத்தனை என்பதைவிட, யார் சுட்டுகிறார், அவர் இன்னும் எத்தனை பேரைச் சுட்டுகிறார் என்பவையே முக்கியம்.

பேஜும் பிரினும் இதே ஆட்டத்தை 32 கோடியே 20 இலட்சம் இணைப்புகளைக் கொண்டு ஆடிப் பார்த்தனர். ஏறத்தாழ 52 சுற்றுகளில் கணக்கு நிலைகொண்டது என்று குறித்துள்ளனர்.

நூற்றுக்குப் பதினைந்து

ஆட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று மட்டுமே சுட்டிக்கொண்டு, வேறு எவரையும் சுட்டாமல் இருந்தால்? உள்ளே வந்த கொட்டை வெளியே வராது. நாளடைவில் எல்லாக் கொட்டைகளும் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இதைத் தடுக்க அவர்கள் ஒரு விதி செய்தனர். இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் பக்கமாகச் செல்லும் ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொண்டனர். அவர் 100-க்கு 85 தடவை இணைப்பைத் தொடர்வார். மீதி 15 தடவை சலிப்புற்று, தொடர்பே இல்லாத வேறொரு பக்கத்துக்குப் போய்விடுவார். ஆட்டத்தில் இதன் பொருள் என்ன? கையில் உள்ளதில் 85 விழுக்காட்டை மட்டும் பங்கிடவேண்டும். அத்துடன் ஒவ்வொருவருக்கும் சுற்றுதோறும் 15 கொட்டை பொதுவில் இருந்து கிடைக்கும். இவ்விதியைச் சேர்த்து ஆடினால் நம் மூவரின் மதிப்பு ஏறத்தாழ 116, 64, 119 என்று அமையும்.

இணைப்பு உண்டு, மதிப்பு இல்லை!

சுட்டுவிரலுக்கு எடை உண்டு என்று தெரிந்ததும் என்ன நடந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள். பொய் விரல்கள் முளைத்தன! தம் தளம் மேலே வரவேண்டும் என்பதற்காக, வாசகர் எவரும் எழுதக்கூடிய இடங்களிலெல்லாம் சிலர் தம் தளத்தின் இணைப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஊர்ப் பொதுச்சுவரில் இரவோடு இரவாக விளம்பரம் ஒட்டுவதைப் போன்றது இது. சுவருக்குரியவர் அந்த விளம்பரத்துக்குப் பொறுப்பாவாரா?

இதற்காக 2005 சனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். ஆகிய தேடுபொறிகள் ஒரு குறியை ஏற்றுக்கொண்டன. அதன் பெயர் 'நோஃபாலோ'. 'பின்தொடராதே' என்பது பொருள். இக்குறி இடப்பட்ட இணைப்பு மனிதர் கண்ணுக்கு வழக்கம்போலத் தெரியும், தொட்டால் திறக்கும். ஆனால், "இதற்கு நான் சாட்சி சொல்லவில்லை" என்று தேடுபொறியின் காதில் மட்டும் அது சொல்லிவிடும்.

நம் ஆட்டத்தில் 'அ', 'ஆ'-வுக்குக் கொடுத்த இணைப்பில் இக்குறியை இட்டால் என்னவாகும்? தொடக்கத்தில் 'ஆ'-வின் பங்கும் 'இ'-க்கே போனது. பின்னர் இது மாற்றப்பட்டது. குறியிட்ட இணைப்பின் பங்கு எவருக்கும் போகாமல் ஆவியாகிவிடும் என்று 2009-இல் கூகுள் பொறியாளர் தெரிவித்தார். அதன்படி கணக்கிட்டால் 'ஆ'-வின் மதிப்பு 64-லிருந்து 15-க்கு விழுகிறது. பொதுவில் இருந்து எல்லாருக்கும் கிடைக்கும் 15 மட்டுமே மிச்சம்! ஆயினும், "உனக்கு எத்தனை இணைப்பு?" என்று கேட்டால், 'ஆ' இப்போதும் "ஒன்று" என்றே சொல்லும். எண்ணிக்கையில் ஒன்று, மதிப்பில் சுழி.

2019 செப்டம்பரில் கூகுள் மேலும் இரு குறிகளைச் சேர்த்தது. காசு பெற்றுக்கொண்டு வைக்கும் இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு'. வாசகர் எழுதியவற்றில் வரும் இணைப்புக்கு 'யு.ஜி.சி.'. அத்துடன், இக்குறிகளை இனிமேல் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்வோம் என்றும் அறிவித்தது. அதாவது, குறியைப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதைத் தேடுபொறியே முடிவு செய்யும்.

நீங்களே துப்பறியுங்கள்

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் பாம்புக்கடி முதலுதவி பற்றி ஓர் இணையதளம் அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்து, "உங்கள் தளத்துக்கு 500 இணைப்புகள் ஏற்பாடு செய்துவிட்டேன், பணத்தைக் கொடுங்கள்" என்கிறார். பட்டியலையும் நீட்டுகிறார். அந்த இணைப்புகள் மதிப்பைக் கடத்துகின்றனவா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? சில இணைப்புகளை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்து பாருங்கள். கணிப்பொறியும் உலாவியும் போதும்.

முதற்சோதனை: இணைப்பு உண்மையில் இருக்கிறதா? பக்கத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். சென்ற மாதம் இருந்தது இன்று நீக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாம் சோதனை: பக்கத்தின் மூலநிரலைப் பாருங்கள். 'கண்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு 'யு' விசையைத் தட்டினால், பெரும்பாலான உலாவிகளில் அது தெரியும். அதில் உங்கள் தளத்தின் முகவரியைத் தேடுங்கள். முகவரிக்கு முன்னால் 'ஏ' என்ற குறிச்சொல்லும் 'எச்ரெஃப்' என்ற பண்பும் இருக்கவேண்டும். தேடுபொறிகள் நம்பிப் பின்தொடர்வது இந்த அமைப்பைத்தான். வெறும் எழுத்தாக முகவரி அச்சிட்டிருந்தாலோ, சொடுக்கும்போது மட்டும் ஓடும் நிரல்துணுக்காக இருந்தாலோ, அது மனிதருக்குப் பயன்படலாம்; தேடுபொறிக்கு இணைப்பாகத் தோன்றாது.

மூன்றாம் சோதனை: அதே இடத்தில் 'ரெல்' என்ற பண்பு இருக்கிறதா? அதற்குள் 'நோஃபாலோ', 'ஸ்பான்சர்டு', 'யு.ஜி.சி.' ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், "நான் சாட்சி இல்லை" என்று தளத்துக்கு உரியவரே கூறிவிட்டார் என்று பொருள்.

நான்காம் சோதனை: இணைப்பில் குறி இல்லாவிட்டாலும், பக்கம் முழுவதற்கும் சேர்த்துக் குறி இடலாம். மூலநிரலின் தலைப்பகுதியில் 'மெட்டா ரோபாட்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 'நோஃபாலோ' இருந்தால் அப்பக்கத்தின் எல்லா இணைப்புகளுக்கும் அது பொருந்தும். 'நோஇண்டெக்ஸ்' இருந்தால் அப்பக்கம் தேடல் பட்டியலிலேயே சேராது.

ஐந்தாம் சோதனை: தேடுபொறியின் சிலந்தி அப்பக்கத்துக்குள் நுழைய முடியுமா? தளத்தின் முகவரியோடு ஒரு சாய்கோடிட்டு 'ரோபாட்ஸ்.டி.எக்ஸ்.டி.' என்ற கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் திறந்து பாருங்கள். இது 1994-இல் தோன்றிய வழக்கம். "இந்த அறைக்குள் வராதே" என்று இயந்திரங்களுக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. இணைப்பு உள்ள பக்கம் அத்தகைய அறைக்குள் இருந்தால், சிலந்தி அதைப் படிக்காது. படிக்காத பக்கத்தின் இணைப்பு அதற்கு எப்படித் தெரியும்?

ஆறாம் சோதனை: இணைப்பைத் தொட்டால் எங்கே போய்ச் சேருகிறது? உங்கள் பக்கத்துக்கே வந்தால் நன்று. பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நிலையாகத் திருப்பிவிட்டிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் '404' என்ற எண்ணுடன் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வந்தால், இல்லாத வீட்டுக்குக் கடிதம் எழுதிய கதைதான்.

ஏழாம் சோதனை: இது கருவிக்கு உரியதன்று, உங்கள் அறிவுக்கு உரியது. அந்தப் பக்கத்தை முழுவதும் படியுங்கள். பாம்பு, மருத்துவம், முதலுதவி பற்றிய பக்கமா அது? அல்லது செருப்பு, கடன், சூதாட்டம், பாம்புக்கடி என்று ஒட்டும் உறவும் இல்லாத ஐந்நூறு தளங்களை ஒரே மூச்சில் சுட்டும் பக்கமா? புளியங்கொட்டை ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்குப் பங்கிடும் ஏழையிடமிருந்து உங்களுக்கு என்ன வரும்?

இல்லை எனலாம், உண்டு எனலாகாது

இச்சோதனைகள் அனைத்திலும் ஓர் இணைப்பு தேறிவிட்டது. இப்போது, "இது மதிப்பைக் கடத்துகிறது" என்று உறுதியாகக் கூறலாமா? கூறலாகாது! இங்கேதான் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது.

பக்கம் பூட்டப்பட்டிருந்தால், இணைப்பு செத்திருந்தால், "இது மதிப்பைக் கடத்தாது" என்று துணிந்து சொல்லலாம். குறி இடப்பட்டிருந்தால், "கடத்தும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை" எனலாம். ஆனால் எல்லாச் சோதனையிலும் தேறிய இணைப்பைப் பற்றி, "தடை எதுவும் காணப்படவில்லை" என்று மட்டுமே சொல்ல முடியும். இறுதி எடை போடும் தராசு தேடுபொறியின் அறைக்குள் இருக்கிறது. அந்த அறைக்கு நமக்கு அனுமதி இல்லை.

ஒரு காலத்தில் சிறு சன்னல் ஒன்று திறந்திருந்தது. கூகுள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவிப்பட்டையில், ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பும் 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகத் தெரிந்தது. அந்த எண்ணைக் காட்டியே இணைப்புகளை விலைபேசி விற்றனர் சிலர். 2016-இல் அந்தச் சன்னல் மூடப்பட்டது. இன்று சில நிறுவனங்கள் தளங்களுக்குத் தாமே மதிப்பெண் கணித்து வெளியிடுகின்றன. அவை பயனுள்ள ஊகங்களாக இருக்கலாம். ஆனால் தேடுபொறியின் எண்கள் அல்ல. தளத்தின் உரிமையாளருக்குக் கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற கருவி உள்வரும் இணைப்புகளின் பட்டியலைக் காட்டுகிறது. அதுவும் பெயர்ப்பட்டியலே, எடைப்பட்டியல் அன்று.

விலைக்கு வாங்கிய இணைப்புகளின் கதி என்ன? 2012 ஏப்ரலில் கூகுள் 'பெங்குவின்' என்ற பெயரில் ஒரு மாற்றம் செய்தது. போலி இணைப்புகளால் மேலே ஏறிய தளங்கள் பல கீழே விழுந்தன. 2016 முதல் அம்முறை மேலும் நுட்பமாகி, போலி இணைப்புகளைப் பெரும்பாலும் எண்ணாமலே விட்டுவிடுகிறது. அதாவது, 500 இணைப்புக்குக் கொடுத்த பணம் சத்தமின்றி மறைந்துபோகும். வாங்கியவருக்கு அது தெரியவும் தெரியாது!

அப்படியானால் என் செய்வது?

இன்றைய தேடுபொறிகள் இணைப்பை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தின் சொற்கள், தேடுபவரின் மொழி, செய்தி புதியதா பழையதா என்பன போன்ற பலவற்றையும் சேர்த்தே முடிவு செய்கின்றன. ஆயினும் இணைப்பு இன்றும் ஒரு முக்கியச் சான்றாக நிற்கிறது.

உங்கள் அறிவியல் மன்றத்தின் பக்கம் மேலே வரவேண்டுமானால், பணம் கேட்பவரை அனுப்பிவிடுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவரிடம் காட்டிப் பிழை திருத்துங்கள். பாம்புகளைப் பற்றி ஆராய்வோருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அவர்களுள் ஒருவர் படித்துப் பார்த்து, மனநிறைவுடன் தம் தளத்தில் உங்கள் பக்கத்தைச் சுட்டினால், அந்த ஒரு விரல் 500 பொய்விரல்களைவிடக் கனமானது. மேலும், அவரைப் படிக்கும் மனிதர்களும் உங்களிடம் வருவார்கள்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். உங்களுக்கும் சுட்டுவிரல் இருக்கிறது. இணையத்தில் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் இணைப்பும், நண்பருக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், "இதை நம்பலாம்" என்று நீங்கள் சொல்லும் சாட்சி. படிக்காமல் சுட்டினால், இரவு எட்டு மணிக்குப் பதற்றத்துடன் தேடும் யாரோ ஒருவரைத் தவறான பக்கத்துக்கு அனுப்பியவர்களுள் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். படித்து, சரிபார்த்து, பிறகு சுட்டுங்கள்.

செய்து பாருங்கள்: நம் ஆட்டத்தில் 'ஆ' இனி 'இ'-யை மட்டுமன்றி 'அ'-வையும் சுட்டுவதாகக் கொள்ளுங்கள். ஆளுக்கு 90 கொட்டையுடன், 15 கொட்டை விதி இல்லாமல் தொடங்குங்கள். ஆட்டம் எந்த எண்களில் நிலைகொள்ளும்? முதலில் நீங்களே கணக்கிடுங்கள். பிறகு விடையைப் பாருங்கள்.

விடை: 'அ' 120, 'ஆ' 60, 'இ' 90.